குளிர்மடு

ஊரில் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். மீன்வளத் துறையில் ஓடையைக் கவனிக்கும் அதிகாரி. காலையில் ஒரு தடவை, உச்சி வெயில் சாய்ந்ததும் ஒரு தடவை, முழங்கால்வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். கயிற்றில் கட்டிய வெப்பமானியை உள்ளே விட்டு, எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கரையேறுவார். கடைத்தெருவில் அவரைக் கண்டால், "என்ன சார், தண்ணிக்கு இன்னைக்குக் காய்ச்சல் எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டார். நின்று, டிகிரி சொல்லி, அது ஏன் ஏறியது என்ற காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். கேட்டவனுக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிடும்.

வீட்டுக்குள் வந்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். "சட்டை எங்க?" "கதவைச் சாத்து." மனைவியிடம் பேச அவருக்கு அவ்வளவுதான் இருந்தது. அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மெஷின். ஓடைக்கரை ஹோட்டலில் தொங்கும் திரைச்சீலைகளும் அங்கே விரிக்கும் மேசை விரிப்புகளும் அவள் தைத்துக் கொடுத்தவை. குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள், அழுதார்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோயிற்று.

அந்த வருஷத்துக் கோடை ஆளை விழுங்குகிற கோடையாக இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கரையோர மரங்களையெல்லாம் ஏற்கனவே வெட்டித் தள்ளியிருந்தார்கள். நிழல் போன ஓடை, பாறைகளுக்கு நடுவே மெலிந்து, பகல் முழுக்க வெயிலில் கிடந்து காய்ந்தது. அதில் இருந்த புள்ளிமீன்கள் குளிர்ந்த தண்ணீரில் பிறந்து அதிலேயே வளர்கிறவை. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் காற்று குறையும். மீனுக்கோ சூட்டில் மூச்சு கூடுதலாக வேண்டும். இருபது டிகிரியைத் தாண்டியதும் அவை இரை எடுப்பதை விட்டன. இன்னும் ஏறியதும், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, கல்லோரமாக அசையாமல் கிடந்தன. ஆழமில்லாத இடங்களில் சில வயிற்றைக் காட்டி மிதக்க ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில் மேலதிகாரி ஒருவர் ஓடையைப் பார்க்க வந்தார். தெர்மாமீட்டர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். தையல்காரி காலையிலிருந்து அடுப்படியில் வெந்து சமைத்தாள். சாப்பிடும்போது பேச்செல்லாம் ஓடையைப் பற்றி. பரிமாறிக்கொண்டே அவளும் ஒரு வார்த்தை சொன்னாள்:

"துணி அலசப் போனா காலை வைக்க முடியலீங்க. போன வருஷம் இந்த மாசம் இவ்வளவு சூடு இல்ல."

தெர்மாமீட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இவளுக்குத் தெரிஞ்ச சூடு காபிச் சூடு ஒண்ணுதான் சார். அதுவும் பாதி நாள் தப்பிடும்."

மேலதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். அடுப்படிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றாள்.

மறு வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. எழுந்து நடந்தால் சுவர் சாய்கிற மாதிரி இருந்தது. பிற்பகலில், ஃபிரிட்ஜில் இருக்கும் ஐஸைத் துணியில் கட்டி நெற்றியில் வைத்துக்கொள்ளலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அங்கே கணவர் நின்றிருந்தார். வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஐஸ் தட்டு ஒவ்வொன்றாக எடுத்து, முறுக்கி, ஒரு பெரிய வாளிக்குள் தட்டிக்கொண்டிருந்தார். வாளியில் மீன்கள். ஆழமில்லாத குட்டையில் மாட்டிக்கொண்டவற்றை அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"எனக்குக் கொஞ்சம் வேணுமே" என்றாள். "தலை வெடிக்குது."

"உன் காய்ச்சல் நாளைக்கு இறங்கிடும். இதுங்களுக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாது."

"ஒரே ஒரு கட்டிங்க."

அவர் கடைசித் தட்டையும் வாளியில் கவிழ்த்தார். குனிந்து வெப்பமானியை விட்டுப் பார்த்தார். மீன் ஒன்றைக் கையால் மெல்லத் தாங்கி, நிமிர்த்திப் பிடித்து, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொன்னார். அவ்வளவு மிருதுவான குரலில் அவர் யாரிடமும் பேசி அவள் கேட்டதில்லை. கேட்டிருக்கிறாள், ஒரே ஒரு நாள். அது நடந்து வெகு காலம் ஆகிவிட்டது.

ஜீப்பை ஓட்டும் ஜீப்காரர் வாளியைத் தூக்க உள்ளே வந்தார். தற்காலிக வேலையில் சேர்ந்து, அதே தற்காலிக வேலையில் தலை நரைத்துக்கொண்டிருந்த மனிதர். சுவரில் சாய்ந்து நின்றவளைப் பார்த்து, "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா சார்?" என்றார்.

"முதல்ல வாளியைத் தூக்குய்யா."

அடுத்த நாள் அவளுடைய அண்ணன் வந்தார். ஹோட்டலுக்கு வரும் விருந்தினர்களைத் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போகும் வழிகாட்டி அவர். நல்ல பேச்சுக்காரர். கையில் பழமும் ரொட்டியும் கொண்டுவந்தார். உள்ளே வந்ததும் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"என்ன பாப்பா இது, இப்படிக் கொதிக்குது! மாப்பிள்ளை பார்த்தாரா?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தண்ணிக்கு அரை டிகிரி ஏறினா ஊரைக் கூட்டுவார். பொண்டாட்டி நெத்தியில கை வைக்க மட்டும் கை வராது."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் துணியை நனைத்துப் போட்டார். பழத்தை உரித்து ஊட்டினார். மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கஷ்டத்தை எடுத்தார். ஓடையில் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. விருந்தினர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். ஹோட்டல் மேனேஜர் போகிற போக்கில், அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்க்கலாம் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

"மீனெல்லாம் எங்கேயோ ஒரே இடத்துல ஒதுங்கியிருக்கும் பாப்பா. குளிர்ந்த ஊத்து இருக்கற இடமா இருக்கும். மாப்பிள்ளைக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

அவளுக்கு அந்த இடம் தெரியும்.

கல்யாணமான புதிதில், ஜீப்காரர் லீவில் போயிருந்த ஒரு நாள், சாமான்களைத் தூக்க ஆள் இல்லாமல் கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இடிந்த நடைபாலத்தைத் தாண்டி, ஓடை வளையும் இடத்தில், பாறை குடைபோல் கவிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் மற்ற இடம் மாதிரிதான் இருக்கும். அவள் வழுக்கி இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். கால் பட்ட இடத்தில் தண்ணீர் சுரீர் என்று கடித்தது. அவள் போட்ட கூச்சலில் அவரும் குதித்தார். வெப்பமானி என்ன காட்டியதோ, சின்னப் பையன் மாதிரி சத்தம் போட்டுச் சிரித்தார். பாறைக்கு அடியிலிருந்து ஊற்று கசிகிறது என்றார். அவள் கையைப் பிடித்து, தண்ணீருக்குள் மேலும் கீழுமாக நகர்த்தி, எங்கே சூடு முடிந்து எங்கே குளிர் தொடங்குகிறது என்று காட்டினார். வெயில் சாயும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். திரும்பி வரும்போது அவர் கையை விடவில்லை.

அவள் கல்யாண வாழ்க்கையில் எடுத்துவைத்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு நாள்தான். அதைத்தான் அன்று அண்ணனிடம் கொடுத்தாள். நடைபாலத்தைச் சொன்னாள், வளைவைச் சொன்னாள், பாறையைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் எழுந்தார். "நல்லா தூங்கு பாப்பா" என்றார். அதற்கப்புறம் காய்ச்சல் இறங்கியதா என்று கேட்க அவர் வரவில்லை.

உடம்பு தேறிய பிறகு, தைத்த உறைகளைக் கொடுக்க அவள் ஹோட்டலுக்குப் போனாள். அண்ணன் உற்சாகமாக இருந்தார். "வா, வந்து பாரு. உன்னாலதான்" என்று வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

மடுவில் மீன்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஓடை முழுவதிலும் உயிர் பிழைத்தவை எல்லாம் அந்த ஒரு பாய் அகலக் குளிருக்குள் வந்து, ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு, தலையைப் பாறைப் பக்கம் வைத்து நின்றன. வெளியே போனால் சூடு. அதனால் தூண்டில் விழுந்தாலும் அவை விலகவில்லை. விருந்தினர்கள் பாறைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரை போட்டும் வராத மீனை, வெறும் கொக்கியால் பக்கவாட்டில் குத்தி இழுத்தார்கள். இழுத்த மீனைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மீன் வெயிலில் துடித்தது. ஒரு போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொன்று. பிறகு ஓடையின் நடுவில், சூடான தண்ணீரில் விட்டார்கள்.

ஒரு பெண்மணி தையல்காரியைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்: "நாங்க கொல்றதில்லை. பிடிச்சுப் பிடிச்சு விட்டுடறோம்."

விட்ட மீன் நேராக நிற்க முடியாமல் சாய்ந்தது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போயிற்று. தையல்காரி கரையோடு நடந்து வளைவுக்கு அப்பால் போனாள். அங்கே ஒரு ஆள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயிறு மேலே தெரிய வரும் மீன்களை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். சாக்கு பாதி நிறைந்திருந்தது. உள்ளே இன்னும் அசைவு இருந்தது.

"அண்ணே, எல்லாம் சாவுது" என்றாள் திரும்பி வந்து.

"மெதுவா பேசு. அவங்க லீவைக் கழிக்க வந்திருக்காங்க. செத்த மீனைப் பார்க்கவா வந்தாங்க?"

"அந்த ஆளை யார் நிறுத்தினது?"

"நான்தான். பின்ன, மிதந்து ஹோட்டல் முன்னாடி போய் நிக்கவா?" அண்ணன் அவள் தோளைத் தட்டினார். "வெயில் காலத்துல மதியத்துக்கு மேலதான் தூண்டில் போடத் தடை. நாங்க காலையில போடறோம். சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ ஏன் முகத்தை இப்படி வெச்சுக்கறே?"

வழியெல்லாம் அந்தச் சாக்கு கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தபோது, இதைப் பார்க்கும்போது கணவர் முகம் எப்படிப் போகும் என்ற எண்ணம் வந்தது. வந்ததும் உள்ளுக்குள் ஏதோ இனித்தது. அது தனக்கே பயமாக இருந்தாலும் அவள் அதைத் துரத்தவில்லை.

அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பிற்பகல் தெர்மாமீட்டர் தலைமுதல் கால்வரை ஈரமாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு மீன். பெரிய மீன், உதட்டில் கொக்கிக் கிழிசல், விலாவில் இன்னொன்று. அவர் அதன் செவுளைத் தூக்கிப் பார்த்து மூடினார், தூக்கிப் பார்த்து மூடினார்.

"போயிடுச்சு" என்றார் யாரிடமோ. "மடு காலி."

அவள் கதவருகில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷமும் அசைக்க முடியாத மனிதர், தெருவில் போகிறவர்கள் பார்க்க, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தார். தான் எதிர்பார்த்த இனிப்பு அவளுக்கு வரவில்லை. வாய் கசந்தது. சொட்டும் சட்டையைக் கழற்றச் சொல்லி, துவட்டத் துண்டை நீட்டினாள். அவர் அதை வாங்கி மீனைச் சுற்றினார்.

"யார் பண்ணினதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அந்த மடு உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். நான் ஒருத்தன், ஜீப்காரன் ஒருத்தன். ஹோட்டல்ல எதையோ வாங்கித் தின்னுட்டுக் காட்டிக் கொடுத்துட்டான்."

"அவர் இல்லீங்க" என்றாள். "நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் உடம்பை இறுக்கிக்கொண்டாள். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, சலிப்பு.

"உளறாதே. நீ எங்க அந்த இடத்தைக் கண்டே?"

"நாம ரெண்டு பேரும்தானே அதைக் கண்டுபிடிச்சோம்? நான் வழுக்கி விழுந்தேன். நீங்க என் கையைப் பிடிச்சு..."

"அன்னைக்கு என்கூட வந்தவன் ஜீப்காரன்." அவர் எழுந்தார். "அவன்தான் வழுக்கினான். எனக்குத் தெரியாதா? அவன் மேல உனக்கு இரக்கமா? அதுக்காக இப்படி ஒரு கதையா?"

மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஃபிரிட்ஜில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றே மேலதிகாரிக்குப் போன் போட்டார். ஜீப்காரரின் வேலை போயிற்று.

இரண்டு நாள் கழித்து ஜீப்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். நல்ல வெயில். தெர்மாமீட்டர் அவரை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டைத் திறக்கவும் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.

"சார், என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் யார்கிட்டயும் மூச்சு விடல."

"உன் பிள்ளைங்க உயிரோடதானே இருக்காங்க? செத்ததுங்க மேல சத்தியம் பண்ணு."

ஜீப்காரர் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். சூட்டினாலா, அந்தப் பேச்சினாலா என்று சொல்ல முடியாது. ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தையல்காரி எழுந்து வெளியே ஓடி வந்தாள்.

"அவரை விடுங்க. நான்தான் சொன்னேன்னு அன்னைக்கே சொன்னேனே!"

"பாரு, உன் மேல இவளுக்கு எவ்வளவு இரக்கம்" என்று தெர்மாமீட்டர் ஜீப்காரரைப் பார்த்துச் சிரித்தார். "மடுவை இவதான் கண்டுபிடிச்சாளாம். என்கூட வந்தாளாம்."

ஜீப்காரர் அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மாதான் சார் வந்தாங்க. அன்னைக்கு நான் லீவு. என் பெரிய பொண்ணு பொறந்த நாள் அது. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். மறுநாள் வந்தப்ப நீங்கதான் மடுவைப் பத்திச் சொன்னீங்க. அம்மா வழுக்கி விழுந்த கதையையும் சொல்லிச் சிரிச்சீங்க. அதுக்கப்புறம்தான் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க."

தெர்மாமீட்டரின் சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றது. அவர் மனைவி பக்கம் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். ஏதோ ஒன்று அவருக்குள் மெல்லத் திரும்பி வருவது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு கணம், அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் நினைத்தாள். திட்டினாலும் போதும், அடித்தாலும் போதும் என்றிருந்தது.

அவர் ஜீப்காரரிடம் திரும்பினார். "மேலே சொல்லியாச்சு. இனிமே மாத்த முடியாது."

"சார், இப்பத்தான் தெரிஞ்சு போச்சே, நான் இல்லைன்னு!"

"என் பொண்டாட்டியே காட்டிக் கொடுத்தான்னு போய் நிக்கச் சொல்றியா? போய்யா."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜீப்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். தையல்காரியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏம்மா?" என்றார் அவர். "நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"



மறுநாளே அவள் பஸ் ஏறி மேலதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். வராந்தாவில் வெகுநேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். அவர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்குச் சாப்பாடு பிரமாதம்" என்றார். அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொன்னதாவே இருக்கட்டும். அதுக்கு உங்க வீட்டுக்காரர் மேலதான் நடவடிக்கை எடுக்கணும். எடுக்கட்டுமா?"

"ஜீப்காரருக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்க சார். அது போதும்."

"அந்த இடத்துக்கு வேற ஆள் சேர்ந்தாச்சும்மா. இப்ப அவனை எங்க அனுப்பறது?" அவர் மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரர் மாதிரி சொன்னார்: "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆத்திரத்துல வெளியில கொண்டு வரக் கூடாது. வீட்டுக்குப் போங்க."

அவள் எழுந்து வெளியே வந்தபோது, உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "தெர்மாமீட்டர் வீட்டுல பாதரசம் ஏறிடுச்சு போலிருக்கு" என்று சொல்லி, அன்றைக்குச் சிரித்த மாதிரியே சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. தெர்மாமீட்டர் அன்றிலிருந்து அவளிடம் சட்டையைக்கூடக் கேட்கவில்லை. தானே தேடி எடுத்துக்கொண்டார். அவள் வைத்த சாப்பாட்டைத் தொடாமல், ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

ஒரு வாரம் சென்றதும் அண்ணன் வந்தார். முகமெல்லாம் பல்.

"பாப்பா, ஒரு நல்ல செய்தி. உன் மனசுல அந்த ஜீப்காரர் விஷயம் உறுத்திக்கிட்டே இருந்திருக்கும். இப்ப அவர் என்கிட்ட வந்துட்டார். ஹோட்டல் வேனை ஓட்டறார்."

அவளுக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. "நிஜமாவா அண்ணே?"

"நிஜமா. தங்கமான மனுஷன். நீ சொன்ன மடு ஒண்ணுதான். அது காலியானதும் என்ன பண்றதுன்னு தலையில கையை வெச்சுக்கிட்டு இருந்தேன். உன்கிட்டகூட வேற ஏதாவது இடம் தெரியுமான்னு கேக்கலாம்னு இருந்தேன். இவருக்கு ஓடை மொத்தமும் உள்ளங்கை மாதிரி. மேல இன்னும் நாலஞ்சு ஊத்து இருக்காம். தினம் ஒண்ணா காட்டறார்."

அண்ணன் போனதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்கு நடந்தாள். வேன் பின்பக்கம் நிறுத்தியிருந்தது. ஜீப்காரர் சீருடை போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"நீங்களா இதைச் செய்யறீங்க?" என்றாள். "அந்த மீனைக் காப்பாத்த வாளி வாளியா தூக்கினீங்களே."

"தூக்கினேன். முதுகு போச்சு."

"அப்புறம் ஏன்?"

"சொல்லாமலே சொன்னவன்னு பேரு வாங்கியாச்சும்மா. சொல்லிட்டு அந்தப் பேரை வாங்கினா என்ன குறைஞ்சு போயிடும்?" துணியைப் பிழிந்து உதறினார். "இன்னும் ரெண்டு இடம் பாக்கி. அதையும் காட்டிட்டா உங்க வீட்டுக்காரருக்கு அளக்க வெறும் தண்ணிதான். அளக்கட்டும்."

அவள் அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவர் அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தார். விருந்தினர்கள் தூண்டில்களைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பும் பேச்சுமாக வந்தார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் பணிவாகத் தலையை அசைத்தார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பேசாத கணவர் முன்னால் போய் நின்று, "மேல் ஊத்துக்கெல்லாம் போறாங்க. தடுங்க" என்றாள். அவர் அவளைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனால் போனார். புதிய டிரைவருக்கு வழி தெரியவில்லை. ஜீப் பாதையில் மாட்டிக்கொண்டது. அவர் நடந்து போய்ச் சேர்ந்தபோது, பாறைமேல் காலி நாற்காலிகளும் இரை டப்பாக்களும் கிடந்தன. அடுத்த இடத்துக்கு அவர் போகவே இல்லை. திரும்பி வந்து, பட்டப்பகலில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

மழை வந்தது. தாமதமாக வந்தாலும் கொட்டித் தீர்த்தது. ஓடை நிரம்பி, நுரைத்து, பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. மழை விட்ட ஒரு காலையில் தெர்மாமீட்டர் வழக்கம்போல வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து முன்னறையில், அவள் மெஷினுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தார்.

"பதிமூணு" என்றார்.

அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மேலேயிருந்து கீழே வரைக்கும் பதிமூணு. இந்த மாதிரி தண்ணி வந்து வருஷக்கணக்காச்சு. காத்து நிறைஞ்ச தண்ணி. மடுவுக்கு மடு பார்த்துட்டேன். ஒரு குஞ்சுகூட இல்லை."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தார். நூல் அறுந்தபோது நின்றது.

"அன்னைக்கு நாம ரொம்ப நேரம் அங்கேயே இருந்தோம் இல்ல?" என்றார். "திரும்பி வரும்போது ஏதோ பேசிக்கிட்டே வந்தோம். எனக்கு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?"

அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. ஊசியில் நூலைக் கோத்தாள்.

"ஜீப்காரரைக் கேளுங்க" என்றாள்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் அந்தத் திரைச்சீலையின் விளிம்பை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மடித்து வைத்தாள். அதுதான் ஹோட்டலுக்கு அவள் தைத்த கடைசித் துணி. தூரத்து நகரத்தில் ஒரு தையல் கடையில் ஆள் வேண்டும் என்று பள்ளியில் கூடப் படித்த ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்த வாரமே அவள் கிளம்பினாள். மெஷினைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோக வேன் அனுப்பும்படி அண்ணனிடம் கேட்டாள். அவர் அனுப்பினார்; தான் வரவில்லை. விருந்தினர் இல்லாத ஓடையை விட்டுவிட்டு வேறு எங்கோ ஏரி பார்க்கப் போயிருந்தார்.

வேனை ஓட்டி வந்தவர் ஜீப்காரர். வீட்டிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் கூரைக்கு அடியில் இடம் இருந்தது. அவர் மெஷினைக் கூரைக்கு வெளியே, தேங்கிய சேற்றில் இறக்கி வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வேனை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் அதை அசைத்துப் பார்த்தாள். தனியாகத் தூக்க முடியவில்லை. முந்தானையை எடுத்து மெஷினின் தலையை மூடிக்கொண்டு, பஸ் வரும்வரை நனைந்தபடி பக்கத்திலேயே நின்றாள். கண்டக்டர் இறங்கி வந்து முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார்.

பஸ் பாலத்தின் மேல் போனபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கரை புரண்டு ஓடும் தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்து சீட்டுக்காரி, "பாருங்களேன், எவ்வளவு அழகு!" என்று அவள் கையை இடித்தாள். அவள் முந்தானையை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.